காய்கறிச் சோற்றுக்கு வந்த பேய்

அருப்புக்கோட்டை பஜாரில் ராஜகுருவின் கடைக்குப் போனால் நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், அட்டை போடுகிற பிரவுன் பேப்பர் எல்லாம் கிடைக்கும். சிறுவர்களுக்கான பேய்க்கதைப் புத்தகங்களும் வாசலில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கும். அவற்றை மட்டும் வாங்க முடியாது. வாங்கக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. ராஜகுரு வாங்க விடமாட்டார், அவ்வளவுதான்.

திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் மகனுக்கு நோட்டு வாங்க வந்து, கூடவே கயிற்றைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தப் பேய்ப் பொஸ்தகம் என்ன வெல?" என்று கேட்டுவிட்டால் போதும். ராஜகுரு அதைக் கிளிப்பிலிருந்து உருவி, செத்த எலியைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்துக்கொள்வார்.

"இதுவா? அட்டையில பாருங்க, 'இதய நோயாளிகள் படிக்க வேண்டாம்'னு போட்ருக்கான். இதய நோயாளிக்கு டாக்டரே எழுதிக் குடுக்கலாம், அம்புட்டு நிம்மதியான கதை. கெணத்துல ரத்தம், கெணத்துல ரத்தம்னு பொஸ்தகம் பூராம் கத்துறான். கடைசியில பாத்தா பீட்ரூட் சாறு. ஒங்க மவன் பயப்பட மாட்டான், ஜூஸு கேப்பான். நோட்ட மட்டும் கொண்டு போங்க."

சம்சாரி நன்றி சொல்லிவிட்டுப் போவார். பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜகுருவின் மனைவி தீபலட்சுமிக்கு வயிறு எரியும். "ஏங்க, நம்ம சரக்க நம்மளே கொற சொன்னா கடை வெளங்குமா? பக்கத்துல பால்சாமி அண்ணன் ஓட்டைப் பானையக்கூட தங்கப் பானைன்னு விக்கிறாக. நீங்க என்னடான்னா பேயி மெலிஞ்சு போச்சு, பேயிக்குச் சத்து பத்தலன்னு ஆராய்ச்சி பண்றீக" என்பாள். பால்சாமி பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர். தன் பானையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துகொள்வார்.

ராஜகுருவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வியாபாரக் குடும்பம். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். முடித்தவர். நாளிதழில் தங்கம் விலையும் கண்ணீர் அஞ்சலியும் மட்டும் பார்ப்பார். ஆனால் கடைக்கு வருகிற சிறுவர் பேய்க்கதை ஒவ்வொன்றையும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் கயிற்றில் மாட்டுவார். பெரியவர்களுக்கான பேய்க்கதை ஒன்றையும் ஒருமுறை முயன்று பார்த்தார். அதில் பேய் வந்து சேர்வதற்குள் கதாநாயகனுக்கு இரண்டு காதல் வந்து போய்விட்டதால் பாதியில் மூடிவிட்டார்.

அவருக்குப் பயப்படப் பிடிக்கும். சிலருக்குக் காரச்சேவு பிடிப்பது மாதிரி. நிஜ வாழ்க்கையில் பயமுறுத்துவதற்கு ஆளா இல்லை? பேங்க்காரன் இருக்கிறான், வரி ஆபீஸ் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் இருக்கிறது. அதெல்லாம் ஒருமுறை வந்தால் போகவே போகாது. கதையில் வருகிற பேய் மட்டும்தான் ஈரக்குலையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, புத்தகத்தை மூடியதும் மரியாதையாகப் போய்விடும். அந்த ஒரு உலுக்கலுக்குத்தான் மனுஷன் ஏங்கினார். கிடைத்ததெல்லாம் என்ன? இருட்டைக் கண்டு அழுகிற பேய். பள்ளிக்கூடப் பை மாட்டிய பேய். தினமும் பால் குடித்தால் எலும்பு பலமாகும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிற எலும்புக்கூடு. அந்த எலும்புக்கூட்டைப் படித்த அன்று ராஜகுரு மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரே கூட்டாளி மகள் சுகப்பிரியா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதிதாக வந்த பேயைப் படிப்பாள். முடித்ததும் அப்பாவும் மகளும் சேர்ந்து அதைத் துவைத்துத் தொங்கப் போடுவார்கள். "அப்பா, இந்தப் பேயி எங்க கணக்கு மிஸ்ஸப் பாத்தா வெள்ளக் கொடி காட்டிரும்" என்பாள். ராஜகுரு சிரிக்கிற சிரிப்பில் பால்சாமி கடைப் பாத்திரங்கள் அதிரும். ஊரில் வேறு யார் என்ன சொன்னாலும் அவருக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். மகள் சொல்கிற தீர்ப்பு மட்டும் உள்ளே தங்கும். புத்தகம் என்று வந்துவிட்டால் இருவருக்கும் தாட்சண்யமே கிடையாது. அதில் அவருக்கு இருந்த பெருமை கடை வைத்ததில்கூட இல்லை.

படித்துத் திட்டினால் மட்டும் போதுமா? புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினார். நீளமான பதிவுகள். இடையில், "ஏ யம்மா, அந்த நாலு கோடு நோட்டு எங்க?" என்று மனைவியிடம் கேட்பதும் அதிலேயே இருக்கும். சென்னையில் இருந்த பதிப்பாசிரியர் ஆனந்தகுமார் பொறுமைசாலி. கடைசியில் ஒருநாள் அந்தப் பொறுமையும் தீர்ந்து போன் போட்டார்.

"சார், இவ்வளவு சொல்றீங்களே, நீங்களே ஒண்ணு எழுதி அனுப்புங்களேன்!"

ஆளை விட்டால் போதும் என்பதற்காகச் சொல்கிற வார்த்தை அது. உலகத்துக்கே தெரியும். ராஜகுரு அதை அழைப்பிதழ் என்று எடுத்துக்கொண்டார்.

எழுதினார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே எழுதினார். நரிக்குடிப் பக்கத்து ஊர் ஒன்று. மத்தியான உச்சிவெயில். புஞ்சைக் காட்டில் வேலையாக இருக்கிற அப்பாவுக்கு ஒரு சிறுமி கறிச்சோறு கொண்டு போகிறாள். அந்தப் பக்கத்தில் உச்சிப்பொழுதில் கறிச்சோற்றை வெறுமனே கொடுத்தனுப்ப மாட்டார்கள். எதுவும் வாசம் பிடித்துப் பின்னால் வந்துவிடக் கூடாதென்று அடுப்புக்கரித் துண்டு ஒன்றைச் சோற்றின் மேல் வைப்பார்கள். அவள் அம்மாவும் வைத்திருந்தாள். கரி பட்டுச் சோறு கறுப்பாகிறதே என்று சிறுமி அதை எடுத்து வழியில் எறிந்துவிடுகிறாள். கண்மாய்க்கரையில் ஏறியதும் பின்னால் காலடிச் சத்தம். அப்புறம் அம்மாவின் குரல்: "பாப்பா, கொஞ்சம் நில்லு. கரி வைக்க மறந்துட்டேன்." அம்மாதான் மறக்கவில்லையே! சிறுமி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள், ஓடுகிறாள், அப்பாவிடம் போய்ச் சேர்கிறாள். அப்பா தூக்குச்சட்டியை வாங்குகிறார். அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரிக்கிறார். "இந்த வெயில்ல அம்மாவையும் எதுக்குத்தா கூட்டிட்டு வந்த?" என்கிறார். கதை அதோடு முடிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகப்பிரியாவுக்கு இதைச் சொன்னார். அவள் கேலிக்கு வாய் திறக்கவில்லை. தன் பின்னால் இருந்த கதவைத் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, அந்தக் கதவச் சாத்துங்க" என்றாள். அன்று மத்தியானம் இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா வீட்டுக்குக் கறிக்குழம்பு கொண்டு போகச் சொன்னதற்குக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு என்னத்தச் சொல்லி வச்சீக?" என்று தீபலட்சுமி கரண்டியோடு வந்தாள். ராஜகுரு மிட்டாய் தின்ற பிள்ளைபோல் முகமெல்லாம் மலர்ந்து நின்றார். மறுநாள் சுகப்பிரியா வகுப்பில் அறிவித்துவிட்டாள்: "எங்க அப்பா ஒரு பேய்க்கதை எழுதிருக்காக. பொஸ்தகமா வரப்போவுது. அதப் படிச்சா ஒருத்தியும் தனியா பாத்ரூம் போக மாட்டீக." இதை வீட்டில் வந்து சொன்னபோது அவளுக்கு இருந்த மிடுக்கு, ஊர்வலத்தில் வரும் யானைக்குக்கூட இருக்காது.

ஆனந்தகுமாரும் கதையைப் படித்தார். மிரண்டுதான் போனார். மிரண்டவர் என்ன செய்வார்? திருத்த ஆரம்பித்தார்.

"சார், கதை பிரமாதம். சின்னச் சின்ன மாற்றம்தான். பேய் ஏன் மத்தியானம் வருது? ராத்திரி வந்தாத்தானே எஃபெக்ட்?"

"தம்பி, ராத்திரி எங்க கண்மாக்கரையில யாரு இருப்பா? எல்லாரும் வீட்டுக்குள்ள டிவி பாத்துட்டு இருப்பாக. பேயி யாரப் பயமுறுத்தும், மரத்தையா? மத்தியானம் வந்து பாருங்க. ஈ காக்கா இருக்காது. ஒரு பஸ்ஸு வராது. சீமைக்கருவேலங்கூட நெழலச் சுருட்டிக் காலடியில வச்சுக்கிரும். நீங்க கூப்புட்டாலும் கேக்குறதுக்கு ஆளு கெடையாது."

"புரியுது சார். ஆனா அட்டையில நிலா போட்டாச்சு."

நிலா போட்டாகிவிட்டதால் சூரியன் போயிற்று. அடுத்த வாரம் அம்மாவின் குரல் போயிற்று. அம்மா குரலில் பேய் பேசினால் குழந்தைகள் அம்மாக்களைச் சந்தேகப்படுவார்கள் என்று பதிப்பகத்தின் குழந்தை நல ஆலோசகர் சொல்லிவிட்டாராம். இனிமேல் பேய், பசிக்குட்டி என்ற பெயரோடு, தன் சொந்தக் குரலில் மழலையாகப் பேசும். அதற்கடுத்து அடுப்புக்கரி போயிற்று. உணவில் கரி கலப்பது சுகாதாரக் கேடு, படிக்கிற பிள்ளைகள் டிபன் பாக்ஸில் கரித்துண்டு வைத்துக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார் ஆனந்தகுமார். கரிக்குப் பதிலாகச் சோப்பு வந்தது. சிறுமி கரியை எறிந்ததால் அல்ல, கை கழுவாமல் கிளம்பியதால்தான் இப்போது பேய் பின்தொடர்கிறது.

ராஜகுரு ஒவ்வொரு முறையும் கத்தினார். கத்திவிட்டு ஒத்துக்கொண்டார். கறியில் கைவைத்தபோதுதான் மனுஷனுக்கு ஆவேசம் வந்தது.

"சில பள்ளிக்கூடங்கள்ல கறி, மீன்னு இருந்தா புக்கு எடுக்க மாட்டாங்க சார். வெஜிடபிள் சாதம்னு மாத்திடலாம்."

"யோவ், காய்கறிச் சோத்துக்குப் பேயி வருமாய்யா? கூப்புட்டாலும் வராதுய்யா! எங்கூருப் பேயிக்கின்னு ஒரு மருவாதி கெடையாதா? எனக்குப் பொஸ்தகமே வேண்டாம், ஆள விடுங்க!" என்று போனை வைத்துவிட்டார். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவர் உறுதியாக நின்றிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. புத்தகத்தின் அட்டை. நிலா, ஒரு குண்டுப் பேய், மேலே மஞ்சள் எழுத்தில் 'ராஜகுரு'. அவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். மறுபடி பெரிதாக்கினார். பேயை அவர் பார்த்தாரா என்பது சந்தேகம். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால்சாமியிடம் காட்டினார்.

"ஏலே ராஜகுரு! ஒம் பேருலே! அச்சுல வந்துருக்குலே!" என்று பால்சாமி கட்டிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பஜார் முனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். 'எங்கள் பஜார் தந்த எழுத்தாளரே!' என்று ராஜகுரு கைகட்டி நிற்கிற படம். ஓரத்தில் பால்சாமி படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பாலவனத்தத்தில் இருக்கும் மச்சினன் பஸ் ஏறி வந்து ஃப்ளெக்ஸோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஃப்ளெக்ஸில் ஏறிய மனுஷன் தானாக இறங்கியதை இந்தச் சீமையில் யாரும் பார்த்ததில்லை. ராஜகுருவும் இறங்கவில்லை. வெஜிடபிள் சாதத்துக்குச் சரி என்றார். கடைசியில் பேயும் சிறுமியும் கை கழுவிவிட்டுச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்றதற்கும் சரி என்றார். 'உச்சிப்பொழுது' என்று தான் வைத்த பெயர் 'பசிக்குட்டியும் பளிச் கைகளும்' என்று மாறியபோது மட்டும் நோட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து மறுபடி கட்டினார். பிறகு அதற்கும் சரி என்றார்.

மகளிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "பொஸ்தகம் எப்பப்பா வரும்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "வரட்டும் பாப்பா, சர்ப்ரைஸு" என்று மழுப்பினார். அட்டைப் படத்தை ஊரெல்லாம் காட்டியவர் அவளுக்கு மட்டும் காட்டவில்லை. அவளுடைய தீர்ப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

புத்தகக் கட்டு வந்த அன்று சுகப்பிரியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கட்டைப் பிரித்த சூட்டோடு, ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்த அதே பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர், "டீச்சர் வாங்கிட்டு வரச் சொன்னாக, பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணுமாம்" என்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜகுரு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எழுத்தாளர் எங்காவது வேண்டாம் என்பாரா?

பள்ளிக்கூடம் விட்ட நேரம். முருகலட்சுமி என்ற பெண், சுகப்பிரியாவின் வகுப்புத் தோழி, தன் அம்மாவோடு சார்ட் பேப்பர் வாங்க வந்தாள்.

"அங்கிள், ஒங்க பேய்க்கதை சூப்பரு! மிஸ் வாசிச்சாங்க. நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயித்த வலிச்சிருச்சு."

ராஜகுருவின் கை சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. "சுகப்பிரியாவும் சிரிச்சாளா?"

"இல்ல அங்கிள். அவ தலையவே தூக்கல. அவதான ஒருத்தியும் தனியா பாத்ரூம் போக மாட்டீகன்னு சொன்னா? இப்ப எல்லாரும் அவகிட்டப் போயி, 'யம்மா, பயமா இருக்குடி, வா கை கழுவிட்டு வருவோம்'ங்கிறாங்க. அவளுக்குச் செல்லமா பளிச்சுன்னு பேரு வச்சுட்டோம்."

அந்தப் பிள்ளை சூதுவாது இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ராஜகுருவின் ஈரக்குலையை அது ஒரு உலுக்கு உலுக்கியது. ஆயிரம் பேய்க்கதையில் தேடிக் கிடைக்காத சங்கதி ஓசியில் கிடைத்தும் அவருக்கு அதை ரசிக்கத் தெரியவில்லை. மகள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தார். அவள் திட்டட்டும் என்று முடிவு செய்தார். கிழி கிழி என்று கிழிக்கட்டும். காய்கறிச் சோற்றைக் கிழிக்கட்டும், சோப்பைக் கிழிக்கட்டும். நாமும் கூடச் சேர்ந்து கிழிப்போம், அந்த மெட்ராஸ்காரனை இரண்டு பேருமாகத் துவைத்துக் காயப்போடுவோம், எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சுகப்பிரியா வந்தாள். பையை இறக்கி வைத்தாள். மேஜையில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். பில் போடும் இடத்திலிருந்து தீபலட்சுமி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, கிளாஸ்ல வாசிச்சாகளாமே. எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாருக்குப்பா."

"ஏ, என்கிட்ட என்ன? உள்ளதச் சொல்லு. பேயி சவசவன்னு இருக்குன்னு சொல்லு. அந்தச் சோப்பு எதுக்கு வந்துச்சுன்னு கேளு. அந்த ஆளு பூராத்தையும் மாத்திப்புட்டான் பாப்பா, நானும் சரின்னு..."

"இல்லப்பா, நெசமாத்தான். நல்லாருக்கு. படம்லாம் கலரா இருக்கு. பேப்பரு வழவழன்னு இருக்கு. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பிடிக்காவிட்டால் காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்களே, அந்தக் குரல். இந்தக் குரலை மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ராஜகுருவுக்கு விளங்கவில்லை. நேற்று வரை அவளிடம் அது இல்லை. அவள் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுத் தாங்கப்பா. நான் வச்சுக்கிறேன்."

"என்னன்னு எழுத?"

"சும்மா, 'அன்புடன்'னு போடுங்க. எல்லா எழுத்தாளரும் அப்பிடித்தான் போடுவாக."

ராஜகுருவுக்கு ஒரு திட்டு, ஒரே ஒரு கேலி போதும், பிழைத்துக்கொள்வார். பசிக்குட்டியை அவள் வாயாரத் தூற்றினால் கேட்டுக் குளிர்ந்திருப்பார். அவள் தூற்றவில்லை. மாமன் வீட்டில் குழம்பு உப்பாக இருந்தாலும் ருசி என்று சொல்வதுபோல, நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆட்களின் வரிசையில் அப்பாவையும் உட்கார வைத்துவிட்டாள். இனிமேல் எந்தப் பேயைப் படித்தாலும் அவரிடம் அவள் உள்ளதைச் சொல்ல மாட்டாள்.

"சீக்கிரம் போடுங்கப்பா, டியூஷனுக்கு நேரமாச்சு" என்றாள் சுகப்பிரியா, சிரித்த முகமாக. ராஜகுரு பேனாவைத் திறந்து, 'அன்புடன்' என்று எழுதினார்.